ஏற்காடு அடிவாரத்தில் வாங்கிய வல்லாரை

ஏற்காடு அடிவாரத்திலுள்ள ஒரு நாற்றுப் பண்ணையில் சென்ற பங்குனியில் இரண்டு பை வல்லாரை வாங்கினேன். பிரம்மி என்ற ஒரே பெயரில் வல்லாரையையும் நீர்ப்பிரம்மியையும் குழப்பி விற்பவர்கள் உண்டு. இங்கோ, வல்லாரையின் சிறுநீரக வடிவ இலையையும் பல் பல்லான அதன் விளிம்பையும் காட்டி, வேறுபாட்டைப் பொறுமையாக விளக்கிய பிறகே செடியைக் கொடுத்தார்கள். தரையோடு படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும் என்பதால், ஆழமற்ற அகலத் தொட்டியே போதும் என்ற அவர்களின் அறிவுரை மிகச் சரியானது.

குறை, பையிலிருந்த மண்தான். வெறும் செம்மண்ணாக இறுகிக் கிடந்ததால், சேலத்து வெயிலில் முதல் வாரமே இலையோரங்கள் கருகின. மட்கிய தொழுவுரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து, குழாயடியில் அரை நிழலில் வைத்தபின், கொடி தொட்டியைத் தாண்டி ஈரத்தரையிலும் வேர் பிடித்துவிட்டது.