பெரம்பூர் பக்கம் ஒரு கீபோர்டு கிளாஸ்: அஞ்சு ஸ்டாருக்கு மூணரை

பொண்ண போன வருஷம் ஜூன்ல சேத்தேன், ஒரு வருஷம் முழுசா அனுப்பி பாத்துட்டுதான் எழுதுறேன். கிளாஸ் பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், மாஸ்டர் நல்ல மனுஷன், அவர் பொழப்புல கை வைக்க வேணாம். பெரம்பூர் ஸ்டேஷன்லேர்ந்து நடந்து போற தூரம்தான், கீழ ஜெராக்ஸ் கடை, மாடில கிளாஸ், படிக்கட்டு செங்குத்தா இருக்கும், பாட்டி தாத்தாவ துணைக்கு அனுப்புறவங்க யோசிச்சுக்கோங்க.

மாசம் 1200, வாரத்துக்கு ரெண்டு நாள், முக்கா மணி நேரம். நாலு கீபோர்டு இருக்கு, அதுல ஒண்ணுல ஒரு கட்டை அமுக்குனா மேல எழும்பாது, பசங்க அதுக்கு தூங்குமூஞ்சின்னு பேரு வச்சிருக்காங்க, லேட்டா போனா அதுதான் கெடைக்கும். கரண்ட் போனா இன்வெர்ட்டர் ஃபேனுக்கு மட்டும்தான், அப்போ மாஸ்டர் கைதட்டி தாளம் எண்ண வைப்பாரு, உண்மைய சொன்னா அந்த கிளாஸ்தான் செமயா இருக்கும். சொல்லிக்கொடுக்கறதுல குறையே இல்ல. என் பொண்ணு ரெண்டு விரல்ல டைப் அடிக்கிற மாதிரி வாசிச்சிட்டு இருந்தா, கட்டை விரல அடில விட்டு ஸ்கேல் ஏறுறத மட்டும் ரெண்டு வாரம் விடாம வாங்குனாரு, அவ அழுதா, இப்போ தூக்கத்துல கூட வாசிப்பா.

சரி, குறைக்கு வரேன். செவுத்துல ஒரு சார்ட் இருக்கு. மேல் வரிசைல பாக், மோசார்ட், பீத்தோவன், கீழ கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள், ராஜா சார், ரகுமான், இப்படி மொத்தம் பன்னெண்டு மூஞ்சி. டர்ன் வர்ற வரைக்கும் பசங்க அதத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கும். ஒரு நாள் என் பொண்ணு எண்ணிட்டு, ஏம்மா இதுல ஒரு ஆன்ட்டி கூட இல்லன்னு கேட்டா. அவ பேட்ச்ல ஒம்போது பேரு, ஆறு பேரு பொண்ணுங்க. மாஸ்டர் கிட்ட கேட்டேன், "அப்படி யாரும் பெருசா இல்ல சிஸ்டர், இருந்தா போட மாட்டேனா"ன்னாரு. திமிரா சொல்லல, அவருக்கு சொல்லித்தந்ததும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து தேடி பாத்தா எனக்கே சிரிப்பு வந்துச்சு. இந்த கிளாஸ்ல சேர்ற எல்லா புள்ளைக்கும் மொத மாசம் சொல்லித்தர்றது ஹேப்பி பர்த்டே. அந்த மெட்டு போட்டது யாரு? மில்ட்ரெட் ஹில்னு அமெரிக்காவுல கென்டக்கி பக்கத்து பொம்பள, தங்கச்சி பேட்டி கிண்டர்கார்டன் டீச்சர், புள்ளைங்களுக்கு காலைல குட் மார்னிங் பாடறதுக்குன்னு ரெண்டு பேரும் சேந்து செஞ்சது, 1893ல புக்காவே வந்திருக்கு. அடுத்து ஒத்த விரல்ல டொக்கு டொக்குன்னு அடிப்பாங்களே சாப்ஸ்டிக்ஸ், அது யுஃபீமியா ஆலன்னு பதினாறு வயசு பொண்ணு 1877ல போட்டது, அதுவும் ஆம்பள பேர்ல வெளியிட்டிருக்கு. பெரிய பேட்ச் அக்காங்க ப்ராக்டிஸ் பண்ற மெய்டன்ஸ் ப்ரேயர்ங்கற பீஸ் டெக்லான்னு ஒரு போலந்து பொண்ணோடது, 1856. அதாவது பாதி சிலபஸ் பொம்பளைங்க போட்ட மெட்டுலதான் ஓடுது, சார்ட்ல மட்டும் இடம் இல்ல! பேர் போட காசா பணமா?

படிக்கட்டுல காத்திருக்கிற நாலு அம்மாங்க கிட்ட இத சொன்னேன், எல்லாரும் சேந்து இவங்க பேரையும் போடுங்கன்னு நோட்டு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு மாஸ்டர் கிட்ட குடுத்தோம். லண்டன் கதையும் அதுல எழுதுனேன், 2015ல அங்க பள்ளிக்கூடத்துல மியூசிக் படிக்கிற ஒரு பதினேழு வயசு பொண்ணு சிலபஸ்ல இருந்த 63 கம்போசரையும் எண்ணிட்டு எல்லாமே ஆம்பளைங்கன்னு பெட்டிஷன் போட்டா, எக்ஸாம் போர்டு மொதல்ல நம்ம மாஸ்டர் சொன்ன அதே பதிலத்தான் சொல்லுச்சு, ஆயிரக்கணக்கான பேரு கையெழுத்து போட்டதும் எறங்கி வந்து, புது சிலபஸ்ல கிளாரா ஷூமன், கேட் புஷ், நம்ம அனுஷ்கா ஷங்கர்னு சேத்தாங்க. இங்க ஸ்கூல்ல பாட்டு பீரியடே மேத்ஸ் மிஸ் கடன் வாங்கிட்டு போயிடறாங்க, அதனால நம்ம புள்ளைங்களுக்கு மியூசிக் சிலபஸ்னா இந்த மாடி ரூம்தான்.

மாஸ்டர் படிச்சிட்டு, வெஸ்டர்ன் சரி சிஸ்டர், நம்ம பக்கம் யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. தியாகராஜர் திருவொற்றியூர் வந்து வடிவுடையம்மன் மேல கிருதி பாடுனத பெருமையா சொல்ற ஆளு அவரு, நானும் அந்த ஊர்க்காரிதான், எனக்கும் பெருமைதான். ஆனா பெரம்பூர்ல அரக்கோணம் லோக்கல் ஏறுனா திருவாலங்காடு போயிடலாம், தேவாரம் பாடுன மூணு பேருக்கும் முன்னாடியே காரைக்கால் அம்மையார் அந்த ஊர் மேல பண்ணோட பதிகம் பாடியாச்சு. அம்புஜம் கிருஷ்ணா எழுதுன பாட்ட இன்னைக்கும் கச்சேரில பாடறாங்க, மெட்டு பலது வேற வித்வான்க போட்டதுதான், அதனால என்ன, பேரு தெரியணும்ல. பவதாரிணிய பாடகியாதான் எல்லாருக்கும் தெரியும், 2002ல மித்ர் படத்துக்கு மியூசிக்கே அவங்கதான். மாஸ்டர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இத கொஞ்சம் எழுதி குடுங்க"ன்னாரு.

ஆண்டு விழால ஒவ்வொரு புள்ளையும் வாசிக்கறதுக்கு முன்னாடி மைக்ல கம்போசர் பேர் சொல்லணும்னு வச்சாரு. மில்ட்ரெட் ஹில்னு ஒரு வாண்டு கத்துனதுல மைக் கீன்னு அலறிடுச்சு, ஆனா முன் வரிசைல யாரோ ஒருத்தர் ஹேப்பி பர்த்டேவா அதுன்னு திரும்பி பக்கத்துல கேட்டாரு, எனக்கு அது போதும். சார்ட்ல இப்போ ரெண்டு படம் செல்லோடேப்ல ஒட்டிருக்கு. புள்ளைங்க கைல இருக்கற பாட்டு புக்கு ஜெராக்ஸ்ல மட்டும் இன்னும் கம்போசர் பேர் வரல, கீழயே ஜெராக்ஸ் கடை இருந்தும் மாத்தல, கிரேடு எக்ஸாமுக்கு லிஸ்ட்லேர்ந்து ஒரு பீஸாவது பொம்பளைங்களோடது எடுங்க மாஸ்டர்னு கேட்டதுக்கு பாக்கலாம்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு. ஒரு ஸ்டார் அதுக்கு கட், அரை ஸ்டார் தூங்குமூஞ்சிக்கு.

சேக்கறவங்க செவ்வாய் வியாழன் சாயங்காலம் கேளுங்க, சனிக்கிழமை ஃபுல். வண்டி நிறுத்த எடமில்ல, நடந்தே போங்க.