பூவே என்றொரு போர்க்கப்பல்

பார்சலைப் பிரித்ததும் வீட்டுக்காரி கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, போர்க்கப்பலுக்குப் போயி பூவேன்னு பேர் வைப்பாகளா?" பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அது அவர்களுடைய கடற்படைக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர். கடைசி எழுத்தை முழுங்கிவிட்டு அவர்கள் சொல்வது நம் காதில் பூவே என்றுதான் விழுகிறது. மல்லிகைப்பூ ஊரில் இருந்துகொண்டு இதை வேறு எப்படி எழுதுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது அட்டையை வெட்டி ஒட்டிச் செய்கிற கப்பல். அளவு 1:200. நிஜக் கப்பல் கிட்டத்தட்ட 118 மீட்டர் என்பதால் செய்து முடித்தால் 59 சென்டிமீட்டர் வரும். உள்ளே வைக்கிற சட்டங்களை லேசரில் வெட்டியே கொடுத்துவிடுகிறார்கள். மற்றதெல்லாம் அச்சடித்த தாளாக வரும், கத்தரிப்பது நம் பாடு. வரி, தபால் எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய் ஆனது. வெளிநாட்டிலிருந்து மதுரை பழங்காநத்தம் வந்து சேர 23 நாள். நான் முதலில் தேடியது குளுவார் என்ற கப்பலை. 1859-ல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் நீரில் இறங்கியது. மர உடம்பின் மேல் 12 சென்டிமீட்டர் கனத்துக்கு இரும்புத் தகடு போர்த்தி, பெருங்கடலில் ஓடவிட்ட முதல் கவசக் கப்பல் அதுதான். அந்த செட் தீர்ந்துபோய்விட்டது என்றார்கள். இருந்ததில் இதை எடுத்தேன்.

எடுத்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இதன் வடிவம் குளுவாரில் கிடையாது. நம் வீட்டுக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு பெருத்து, மேலே போகப்போகக் குறுகும். 1896-ல் நீரில் இறங்கிய இந்தக் கப்பலின் உடம்பும் அப்படித்தான். தண்ணீர் மட்டத்தில் அகலம், மேல்தளத்தில் ஒடுக்கம். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கப்பல்கள் பலவும் இப்படி இருந்தன. பெரிய பீரங்கி நாலு: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டுக்கும் குழல்வாய் 305 மில்லிமீட்டர், வலமும் இடமும் ஒவ்வொன்று, 274 மில்லிமீட்டர். கப்பலின் உடம்பு உள்வாங்கிக்கொள்வதால் பக்கத்துப் பீரங்கி முன்னும் பின்னும் தடையில்லாமல் சுட முடியும். மேலே எடையும் குறையும். படத்தில் பார்த்தபோது எனக்கு இது விளங்கவில்லை. பக்கவாட்டுத் தாளை ஒட்ட உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. தாள் வெளியே வளைந்து, உடனே உள்ளே வளைய வேண்டும். ஒரே இழுப்பில் ஒட்டினால் சுருக்கம் விழுகிறது. ஸ்பூனின் முதுகால் தாளைத் தேய்த்துத் தேய்த்து வளைவைப் பழக்கிவிட்டு, பசையை விரல்நுனியில் தொட்டு, இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாகப் போனேன். இதற்கே ஒன்பது சாயங்காலம்.

இங்கேதான் குறையும். இடதுபக்கம் பின்பகுதித் தாள் 2 மில்லிமீட்டர் குட்டை. இரண்டு மில்லிமீட்டர்தானே என்கிறீர்களா? நிஜக் கப்பலில் அது 40 சென்டிமீட்டர் ஓட்டை, அதுவும் தண்ணீர் மட்டத்தில். தயாரித்தவர்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். பதினோரு நாள் கழித்து, "பசையைக் குறைவாகப் பயன்படுத்தவும்" என்று ஒரே வரி. முப்பத்தொரு வருஷம் மில்லில் பாய்லர் பார்த்தவனிடம் பசை அளவு சொல்கிறார்கள்! ஓரத்துத் தாளில் மிச்சம் கிடந்த அதே நிறத்தைக் கீறி ஒட்டி மறைத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். செய்முறைப் புத்தகமும் படம் மட்டும்தான். 40-ஆம் எண்ணுக்கு அப்புறம் அம்புக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எது எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

நீராவிக் கப்பல் என்பதால் புகைபோக்கியை ஆசையோடு எதிர்பார்த்தேன். ஏமாற்றம். இரண்டு குழாயைச் சுருட்டி, மேலே கறுப்பு வட்டத்தை ஒட்டு என்று முடித்துவிட்டார்கள். பூவேயில் இருந்தவை பெல்வில் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் உருவாக்கிய வகை பாய்லர்கள். எங்கள் மில்லில் நான் சேர்ந்தபோது இருந்தது லங்காஷயர் பாய்லர். அதில் குழாய்க்குள் தீ, சுற்றிலும் தண்ணீர். ராத்திரியே மூட்டினால்தான் காலை ஷிப்டுக்கு ஸ்டீம் ஏறும். பெல்வில் பாய்லர் அப்படியே தலைகீழ்: குழாய்க்குள் தண்ணீர், வெளியே தீ. தண்ணீர் கொஞ்சமாக இருப்பதால் பிரஷர் சீக்கிரம் ஏறும். ஆனால் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப் ஒரு நிமிஷம் சண்டித்தனம் செய்தாலும் குழாய் வெந்துவிடும். அந்த ஸ்டீமில் மூன்று எஞ்சின், மூன்று புரொப்பெல்லர், 15,000 குதிரைத்திறன். 12,000 டன் இரும்பு 18 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர், போனது. இவ்வளவு வேலை செய்த பாய்லருக்கு ஒரு கறுப்பு வட்டமா? வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாயில் குறுக்குக் கம்பி வைத்து, உள்பக்கம் விளக்குக் கரியைத் தடவினேன்.

கொடிமரத்துக் கயிறு செட்டில் கிடையாது, நாமேதான் கட்ட வேண்டும். மில்லில் இருந்தவனுக்கு நூல் பஞ்சமில்லை. 100-ஆம் கவுண்ட் என்கிற மெல்லிசு நூலை மெழுகில் இழுத்துக் கட்டினேன், அளவுக்கு அச்சாகப் பொருந்தியது. குறுக்குக் கம்புக்குத் தென்னை ஈர்க்குச்சியின் நுனி. சுருட்டிய தாளைவிட நேராக நிற்கிறது.

மேல்தளத்தை ஒட்டினால் உள்சட்டம் எதுவும் அப்புறம் கண்ணில் படாது. அன்றைக்கு ஒட்டாமல் எழுந்துவிட்டேன். முதல் உலகப் போரில், 1915 மார்ச் 18-ஆம் தேதி பூவே துருக்கியின் தார்தனெல்ஸ் நீரிணையில் கண்ணிவெடியில் மோதியது. பத்து நாள் முன்னால் துருக்கியரின் நுஸ்ரெத் என்ற சின்னக் கப்பல் போட்டுவிட்டுப் போன கண்ணி. இரண்டே நிமிஷம் போல, கவிழ்ந்து மூழ்கிவிட்டது. அறுநூறு பேருக்கு மேல் போனார்கள், பிழைத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. குடம் போன்ற உடம்பு சாய ஆரம்பித்தால் அதை நிமிர்த்தத் தண்ணீருக்குப் பிடிமானம் குறைவு. கீழே பாய்லர் ரூமில் நின்றவனுக்கு இரண்டு நிமிஷத்தில் ஏணியின் பாதிகூட ஏற முடியாது. எங்கள் மில் ஏணி பதினாலு படிதான், சேஃப்டி வால்வ் கத்தினால் அதில் ஏறவே எனக்கு மூச்சு வாங்கும். மறுநாள் காலையில்தான் தளத்தை ஒட்டினேன்.

வாங்கலாமா என்றால், முதல் தடவை அட்டை வெட்டுகிறவர்கள் வேண்டாம். கை பழகியவர்கள் தாராளமாக வாங்குங்கள், அச்சு நிறமும் உள்சட்டத்தின் வெட்டும் முதல் தரம். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள், ஈரக் காற்றில் தாள் ஊதுகிறது. பேரன் இதைத் தெப்பக்குளத்தில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறான். அதற்குப் பயந்தே கண்ணாடிப் பெட்டி செய்யச் சொன்னேன். பெட்டிக்கு மட்டும் 1,900 ரூபாய், சாவி தனி.