உள்ளங்கை ஸ்பீக்கரும் இல்லாத சுரமும்

இரண்டு மாதமாக இந்தச் சின்ன ஸ்பீக்கரில்தான் பாட்டுக் கேட்கிறேன். பாஸ் கிட்டாரின் கனத்த சுரங்கள் இதில் வரவே வராது என்று நினைத்திருந்தேன். ஆனால் தெளிவாகக் கேட்கின்றன. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) ஒலியை மட்டும் தனியாக விட்டேன். மெல்லிய முனகல், அவ்வளவுதான். அப்புறம் அதன் மடங்குகளான 200, 300, 400 ஹெர்ட்ஸ் மூன்றையும் சேர்த்து விட்டேன். காதில் விழுந்தது அதே 100 ஹெர்ட்ஸின் சுருதி! காற்றில் இல்லாத அடிச்சுரத்தை, மற்ற மூன்றின் இடைவெளியை வைத்து மூளையே கட்டிக்கொள்கிறது. அப்படியானால் நான் கேட்ட சுரம் எங்கே இருந்தது, பெட்டியிலா, எனக்குள்ளா? அன்று இரவு முழுக்க இதே யோசனை.

குறை உண்டு. சுருதி வருகிறது, நெஞ்சில் இறங்கும் அதிர்வு வரவில்லை. சத்தத்தைக் கூட்டினால் மூடி கரகரக்கிறது. குரலிசைக்குத் தாராளமாக வாங்கலாம்.