குறைந்த செலவில் ராமேஸ்வரம் வரை: ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிளின் நீண்டநாள் அனுபவம்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். விரகனூர் தாண்டினால் மண்டபம் வரை சொல்லும்படியான மேடு கிடையாது. வைகை போகும் போக்கிலேயே சாலையும் இறங்கிப் போகிறது. முதல் நெடும்பயணம் என்றதும் பலரும் கொடைக்கானல் பேரைத்தான் எடுக்கிறார்கள். மலைக்கு நல்ல கியர், நல்ல பிரேக், பழகிய கால் மூன்றும் வேண்டும். கையில் பத்தாயிரத்துக்கு மேல் புரளாதவருக்கு ராமேஸ்வரம் பாதைதான் தோது. அந்தக் கணக்கில்தான் நான் தயாரானேன். அன்றைக்கு வாங்கியவை கோடை மழை எல்லாம் பார்த்துவிட்டு இன்னும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. எது உழைக்கிறது, எதற்குக் காசு தேவையில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

சைக்கிள் ஒரு கல்லூரி மாணவரிடம் வாங்கியது. இரும்பு ஃப்ரேம், 700x35 டயர், முன்னால் மூன்று பின்னால் ஏழு கியர், சாதாரண ரப்பர் கட்டை பிரேக். முன்பக்க சஸ்பென்ஷன் கிடையாது, அது இல்லாததாகப் பார்த்துத்தான் தேடினேன். விலை குறைந்த சஸ்பென்ஷன் எடையைக் கூட்டும். ஏறி மிதிக்கும்போது நம் பலத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். டிஸ்க் பிரேக்கும் வேண்டாம் என்பேன். பிரேக் கட்டை மானாமதுரையிலும் கிடைக்கும், பரமக்குடியிலும் கிடைக்கும். பேர் தெரியாத டிஸ்க்குக்குப் பாதிவழியில் பேட் தேடி அலைய முடியாது. பழைய வண்டி வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள், பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், பைப்புகள் சேரும் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வாங்கியதும் முதல் செலவு ஓவராயில். தெப்பக்குளம் பக்கம் ஒரு சின்னக் கடை. அங்கே இருந்த அண்ணன் நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் சக்கரத்தைக் கழற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கம்பியாக விரல் நகத்தால் சுண்டினார். சில கம்பி கணீரென்றது, சில கம்பி மொட்டையாகச் சத்தம் கொடுத்தது. "தம்பி, மொதல்ல கோட்டம் எடுப்போம். கம்பி ஒரே மாதிரி சத்தம் குடுக்கணும். பெறகு மத்ததப் பேசலாம்," என்றார். மொட்டைச் சத்தம் கொடுத்ததைக் கால் திருகு, அரைத் திருகாக முறுக்கி, திரும்பச் சுற்றி, திரும்பச் சுண்டி, முக்கால் மணி நேரம் அந்த ஒரு சக்கரத்தோடே இருந்தார். பின்பு அச்சுக்குள் பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புது பால்ஸ் போட்டார். அன்றைக்குக் கொடுத்த சில நூறு ரூபாய்தான் இந்த வண்டிக்கு நான் செய்த சிறந்த செலவு. அதற்குப் பிறகு ஒரு கம்பிகூட அறுந்ததில்லை.

அடுத்தது சீட். சீட் உயரம் சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்த வண்டியும் முட்டியைப் பழிவாங்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். இதற்குப் பைசா செலவில்லை. ஜெல் கவர் போட்டும் ஓட்டிப் பார்த்தேன். கடைவீதிக்குப் போய்வர அது மெத்தென்று இருக்கிறது; திருப்புவனம் தாண்டுவதற்குள் உடம்பு அதில் அமிழ்ந்து, எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைச் சதை தாங்க ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கெட்டியான, இடுப்பெலும்பு அகலத்துக்குச் சரியான சீட்தான் நெடுந்தூரத்துக்கு நல்லது. கவரில் மிச்சம் பிடிக்கும் காசில் பேட் வைத்த ஷார்ட்ஸ் ஒன்று வாங்குங்கள். உள்ளாடை இல்லாமல் அதை மட்டும் போட வேண்டும். தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய் போதும். என் ஷார்ட்ஸின் பேட் இப்போது அமுங்கிவிட்டது என்றாலும் தையல் இன்னும் பிரியவில்லை.

இந்தப் பாதையில் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் சாலையின் இரண்டு பக்கமும் அதுதான். விறகு ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து உதிர்வது ஓரமெல்லாம் கிடக்கும், சைக்கிளுக்கு விதித்த இடமும் அந்த ஓரம்தான். முள் தடுப்பு டயர் விற்கிறார்கள்; ஒரு ஜோடி விலையில் என் சைக்கிளில் பாதி வாங்கிவிடலாம். நான் செய்தது இது: அதே அளவுப் பழைய ட்யூபை எடுத்து, வால்வு இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, உள்பக்கத் தையல் ஓரமாகவே நீளத்துக்குக் கிழித்தேன். விரித்தால் ஒரு ரப்பர் பட்டை. அதை டயருக்கும் புது ட்யூபுக்கும் நடுவே படிய வைத்து, உரசாமல் இருக்க முகப்பவுடர் தூவி, காற்று அடித்தேன். வண்டி கொஞ்சம் கனமாக உருளும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பொடி முள்ளுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

பெரிய முள் அதையும் மீறி ஏறும். பார்த்திபனூர் பக்கம் ஒருமுறை ஏறியது. பஞ்சர் ஒட்டுவது எல்லோருக்கும் தெரியும். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஒட்டிப் போட்ட ட்யூப் ரெண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்கினால் காரணம் அந்த நுனிதான். டயரின் உள்பக்கம் ஒரு பருத்தித் துணியைத் தடவிக்கொண்டே போனால் நுனி இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். குறடு இல்லாவிட்டால் நகவெட்டியால் பிடுங்கிவிடலாம். உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, டயர் லிவர், கைப்பம்பு, ஒரு மாற்று ட்யூப் எல்லாம் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் அடங்கும். ட்யூப் வாங்கும்போது பைக்கில் இருப்பது போன்ற வால்வு உள்ளதாகக் கேளுங்கள். அப்போதுதான் பெட்ரோல் பங்கில் இலவசமாகக் காற்று பிடிக்கலாம்.

பயிற்சிக்குத் தனியாகச் செலவே இல்லை. அழகர்கோவில் போய்வந்தால் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மானாமதுரை போய்வந்தால் 100-க்குப் பக்கம். வாரம் ஒரு நீளமான ஓட்டம், நடுவில் ஓரிரு சின்ன ஓட்டங்கள் போதும். மானாமதுரை போய்வந்து மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போக முடிந்தால் ராமேஸ்வரத்துக்கு உடம்பு தயார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

புறப்பட நல்ல காலம் மாசி, பங்குனி. மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும். ஆடியில் மேல்காற்று முதுகில் தள்ளும், ஆனால் பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கத்திலிருந்து வீசி வண்டியையே நகர்த்தும். 1988-இல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடல் பார்க்க நிறுத்திய கார்களுக்கு நடுவே காற்றோடு மல்லுக்கட்டி ஓட்டுவது புதியவருக்கு ஆபத்து. காற்று பலமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

பரமக்குடி வரை நான்குவழிச் சாலை, ஓரம் அகலம். ஆனால் எதிர்த்திசையில் வரும் பைக்குகள் அந்த ஓரத்தில்தான் வரும். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் பின்னால் சிவப்பு விளக்கும் முன்னால் வெள்ளை விளக்கும் கட்டாயம். ஹெல்மெட்டிலும் விளக்கிலும் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். சாப்பாட்டுக்கு முதல்நாள் இரவே நீர் ஊற்றிய சோறு, வழிக்கு வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு. எனர்ஜி ஜெல் எதுவும் நான் வாங்கியதில்லை, தேவையும் படவில்லை. ராமநாதபுரத்தை வெயில் ஏறுமுன் தாண்டினால் நல்லது; முடியாவிட்டால் ஊருக்குள் ஒதுங்கி மூன்று மணிக்கு மேல் எடுங்கள்.

திரும்பி வருவதற்கு ரயில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு ரயில்கள் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகின்றன. சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய நேரம் எடுக்கும், முன்கூட்டியே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள்.

இப்போது வண்டியின் நிலை: பிரேக் கட்டை மாற்றியாயிற்று, பின்டயர் மொழுக்கென்று ஆகிவிட்டதால் முன்னதைப் பின்னுக்குப் போட்டு, புதியதை முன்னால் போட்டிருக்கிறேன். செயினை அளந்தேன். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும் நீளம், என்னுடையதில் 12 அங்குலத்தையும் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. இத்தோடு செயினை மட்டும் மாற்றினால் பின்சக்கரத்தின் பல்சக்கரத்துக்குச் செலவு இல்லை. இன்னும் விட்டால் பல்லும் சேர்ந்து போகும். அடுத்த சம்பளத்தில் அதைத்தான் வாங்கப் போகிறேன்.