கடலோர 110 கேவி யார்டில் எர்த் சுவிட்சோடு 11 வருடம்

நான் வேலை பார்க்கும் துணைமின் நிலையம் கடலிலிருந்து கூப்பிடு தூரம். நாலு 110 கேவி (கிலோவோல்ட்) லைன், இரண்டு பவர் டிரான்ஸ்ஃபார்மர். ஒவ்வொரு லைனும் வந்து சேரும் பகுதியிலும் (பே), லைனைப் பிரித்து வைக்கும் ஐசொலேட்டரோடு சேர்த்தே எர்த் சுவிட்ச், அதாவது நிறுத்திய லைனைத் தரையோடு இணைக்கும் சுவிட்ச், பொருத்தியிருக்கிறது. மோட்டார் கிடையாது, கையால் இயக்குவதுதான். பிரேக்கரைப் பற்றியும் ரிலேயைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வருடத்தில் பத்துப் பதினைந்து முறை மட்டுமே கை படுகிற இந்தச் சாமானைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பிரேக்கரையும் ஐசொலேட்டரையும் திறந்துவிட்டால் லைன் செத்துவிட்டது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் லைன்களில் இரண்டு ஒரே டவரில் போகும் டபுள் சர்க்யூட். ஒன்றை நிறுத்தினாலும் பக்கத்தில் இன்னொன்று 110 கேவியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மின்புலம், நிறுத்திய கம்பியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றிவிடும். எர்த் பிளேடு மேலே போய்க் காண்டாக்டை நெருங்கும்போது சடசடவென்று பொறி பறக்கும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டு நடுவழியில் கையை நிறுத்திவிட்டேன். அது தவறு. தொடங்கினால் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடைவெளியில் ஆர்க் நின்று எரிந்து காண்டாக்டைத் தின்னும்.

மூடுவதைவிடத் திறப்பதில்தான் எங்கள் சுவிட்சுகள் அதிகம் அடிவாங்கின. லைனின் இரு முனையிலும் எர்த் போட்டிருக்கும்போது, பக்கத்து சர்க்யூட்டின் கரண்ட் இந்தக் கம்பியிலும் தரையிலுமாக ஒரு சுற்றுக் கரண்டைத் தூண்டும். முதலில் திறக்கிற முனை அந்தத் தூண்டல் கரண்டை அறுக்க வேண்டும். கடைசியாகத் திறக்கிற முனைக்கு, பக்கத்துக் கம்பியின் மின்புலத்தால் வரும் மின்தேக்கக் கரண்டு மட்டும் மிஞ்சும். சாதாரண எர்த் சுவிட்ச் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. எங்கள் பிளேடு நுனிகள் மூன்றாம் வருடமே குழிகுழியாகிவிட்டன. ஐ.இ.சி. 62271-102 தரத்தில் இந்தத் தூண்டல் கரண்டை அறுப்பதற்கென்றே ஏ, பி என்று இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. டபுள் சர்க்யூட் லைனுக்கு வாங்குகிறவர்கள் டெண்டரில் அந்த வகுப்பைக் கட்டாயம் எழுதுங்கள். எங்களுக்கு வாங்கியபோது யாரும் எழுதவில்லை.

இனி, நான் மறக்கவே முடியாத அந்தக் காலை. ஐந்தாம் வருடம், மார்கழிப் பராமரிப்பு. கைப்பிடியைச் சுற்றி முடித்தேன். பெட்டியில் இருந்த குறி மூடியதாகக் காட்டியது. லைனில் வேலை செய்ய அனுமதி தரும் எல்.சி. (லைன் கிளியர்) தாளை நிரப்பப் பேனாவை எடுத்தபோது கூட நின்ற வயர்மேன் அண்ணன், "சார், நடு ஃபேஸ் உட்காரலை, மேல பாருங்க" என்றார். ஒய் ஃபேஸ் பிளேடு காண்டாக்டுக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. மூன்று பிளேடையும் இணைக்கும் குழாயில் நடு பிளேடைப் பிடித்திருந்த கிளாம்பின் போல்ட் தளர்ந்து, குழாய் மட்டும் சுழன்றிருக்கிறது. குறி காட்டும் முள் கைப்பிடித் தண்டோடு இணைந்தது, பிளேடோடு இணைந்ததல்ல. அவர் பார்க்காமல் இருந்திருந்தால் ஒரு ஃபேஸில் எர்த் இல்லாத லைனுக்கு எல்.சி. கொடுத்திருப்பேன். அன்று அந்த லைனில் ஏழு பேர் ஏறுவதாக இருந்தது.

அதன் பிறகு எல்லாக் கிளாம்பிலும் துளையிட்டுப் பின் அடித்தோம். ஆர், ஒய், பி என்று மூன்று பிளேடையும் தனித்தனியாகப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, கூட இருப்பவரும் திருப்பிச் சொன்ன பிறகுதான் தாளில் எழுதுகிறோம். இரவானால் நல்ல டார்ச் வேண்டும்.

ஐசொலேட்டரும் எர்த் சுவிட்சும் ஒரே நேரத்தில் மூடாமல் தடுக்கும் இன்டர்லாக் இந்த 11 வருடத்தில் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. ஐசொலேட்டர் மூடியிருந்தால் எர்த் கைப்பிடி அசையாது, எர்த் போட்டிருந்தால் ஐசொலேட்டர் அசையாது. ஆனால் அது இந்த முனைக்கு மட்டும்தான் காவல். எதிர்முனையில் பிரேக்கர் மூடியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. லைனின் வோல்ட்டேஜை அளக்கும் பி.டி.யில் வோல்ட்டேஜ் இருந்தால் எர்த் சுவிட்சைப் பூட்டி வைக்கும் மின் இன்டர்லாக் எங்களிடம் இல்லை. அதனால் எதிர்முனை ஆபரேட்டரோடு போனில் பேசி, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, நேரத்தோடு லாக் புக்கில் எழுதுவதே எங்களுக்குக் காவல். உயிருள்ள லைனில் தவறி எர்த் போட்டால் என்ன ஆகும்? அதே ஐ.இ.சி. தரத்தில் இதற்கு இ0, இ1, இ2 என்று வகுப்புகள் உண்டு. இ0 வகுப்பு சுவிட்சுக்கு அதைத் தாங்கும் திறன் கிடையாது. இ1 இரண்டு முறையும் இ2 ஐந்து முறையும் ஷார்ட் சர்க்யூட் மேல் மூடுவதைத் தாங்கும். எங்களுடையது இ0. அடுத்த முறை இ1 கேட்டு எழுதியிருக்கிறேன்.

உப்புக்காற்றைச் சொல்லாமல் விட முடியாது. பிளேடின் அடியிலிருந்து தரைப் பட்டைக்குப் போகும் செம்புப் பின்னல் பச்சை பிடித்து, இழை இழையாக அறுந்துபோகிறது. வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே பொடியாக இருக்கும். இதுவரை இரண்டு முறை மாற்றிவிட்டோம். விரல் காண்டாக்டில் வெள்ளி முலாம் இருக்கும், அதை எமரித் தாளால் தேய்க்கவே கூடாது. துணியால் துடைத்துக் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும். வருடம் ஒருமுறை காண்டாக்டின் மின்தடையை மைக்ரோ ஓம் மீட்டரால் அளந்து மூன்று ஃபேஸையும் ஒப்பிடுகிறோம். ஒன்று மட்டும் கூடியிருந்தால் முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்கிறோம். தரைப் பட்டை இரண்டு தனி வழியாக, யார்டுக்கு அடியில் புதைத்த எர்த் மேட் என்ற உலோக வலைக்குப் போக வேண்டும். எர்த் பிட்டின் (தரை இணைப்புக் குழியின்) மின்தடை அளவை மழைக்காலத்தில் எடுத்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், மண் காய்ந்து கிடக்கும் சித்திரையில் எடுங்கள்.

எர்த் சுவிட்ச் போட்டாயிற்றே என்று வேலை செய்யும் இடத்தில் கம்பியைத் தரையோடு இணைக்க, கையோடு எடுத்துப்போகும் எர்த் ராட் போடாமல் விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எட்டு கிலோமீட்டர் தள்ளி டவரில் நிற்பவருக்கு யார்டில் போட்ட எர்த் மட்டும் போதாது. அவர் இருக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் ராட் வேண்டும். தரை முனையை முதலில் கட்டிவிட்டுத்தான் கம்பியில் மாட்ட வேண்டும், கழற்றும்போது கம்பி முனைதான் முதலில். நிறுத்திய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும் கெப்பாசிட்டர் பேங்கிலும் எர்த் சுவிட்ச் மட்டும் போதாது. நிறுத்தியதும் பத்து நிமிடம் காத்திருந்து, அப்புறம் எர்த் சுவிட்ச், அதற்கும் பிறகு ராடால் ஒவ்வொரு யூனிட்டையும் தொட்டு டிஸ்சார்ஜ் செய்த பிறகே கை வைக்கிறோம்.

அந்த வயர்மேன் அண்ணன் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது சேர்ந்திருக்கும் பையன் ஒவ்வொரு முறையும் மூன்று விரலை மடக்கி, தலையைத் தூக்கி எண்ணிச் சொல்கிறான். வரும் தையில் நாலு பேயிலும் பின்னலைப் புதிதாக மாற்ற ஷட்டவுன் கேட்டிருக்கிறோம்.