ஐபோன் லாக்டவுன் மோட்: நிருபர்கள் ஆன் செய்தே ஆக வேண்டியது

செய்தி வேலையில் இருக்கிற யாரிடம் ஐபோன் இருந்தாலும் லாக்டவுன் மோடை இன்றைக்கே ஆன் செய்துவிடுங்கள். காசு கிடையாது. உளவு மென்பொருள் போனுக்குள் நுழையும் வழிகளைக் குறைக்க 2022-இல் ஐஓஎஸ் 16-உடன் வந்த வசதி, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய்க் கீழே தள்ளினால் இருக்கும், ஆன் செய்ததும் போன் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான்.

சென்னையில் கிரைம் பீட் பார்க்கிற நமக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருள் உள்ளே நுழைய நீங்கள் எந்த லிங்க்கையும் தொடக்கூட வேண்டியதில்லை. தி வயர் செய்தித் தளத்தின் ஆசிரியர் சித்தார்த் வரதராஜனின் போனில் அதன் தடயத்தை 2021-இல் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியின் ஆய்வகம் கண்டுபிடித்தது, 2023-இல் அவரை மறுபடியும் குறிவைத்திருந்ததையும் அதே ஆய்வகம்தான் சொன்னது. போனுக்குள் உளவு மென்பொருள் நுழைந்துவிட்டால் மாட்டுவது நாம் மட்டுமா? நம்மை நம்பிப் பேசிய ஏட்டும் கோட்டையில் வேலை பார்க்கிற கிளார்க்கும்தான் முதலில் மாட்டுவார்கள்.

தொல்லைகளும் உண்டு. ஐமெசேஜில் படம் மாதிரி சிலவற்றைத் தவிர அட்டாச்மென்ட் வராது, லிங்க் பிரிவியூ தெரியாது. தளங்கள் கொண்டுவரும் ஃபான்ட்டை இது ஏற்காததால் சஃபாரியில் சில ஐகான்கள் வெறும் கட்டமாகத் தெரியும். தினமும் பார்க்கிற தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்துக்கொள்ளலாம். சாதாரண கால், எஸ்எம்எஸ் வழக்கம்போல் வேலை செய்யும்.

ஆனால் போலீஸ் போனையே வாங்கி வைத்துக்கொண்டால் லாக்டவுன் மோடை மட்டும் நம்பி இருக்க முடியாது. அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்ஐஆர் எப்படி வெளியே போனது என்று விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு நம் ஊர் நிருபர்களின் போன்களைத்தான் பறிமுதல் செய்தது, அப்புறம் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. அதனால் சம்மன் வந்தால் வக்கீலோடு போங்கள், போனை எடுத்தால் ஹேஷ் வேல்யூ (போனில் இருக்கும் தரவை யாரும் மாற்றவில்லை என்று பின்னால் சரிபார்க்க உதவும் குறியீடு) எழுதிய பறிமுதல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், நாலு இலக்க பின்னை விட்டுவிட்டு எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பாஸ்கோடு வையுங்கள்.

மாவட்ட ஸ்டிரிங்கர்களில், அதாவது பகுதிநேர நிருபர்களில், பலர் கையில் பழைய ஆண்ட்ராய்டுதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 16-இல் அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன் என்று இதேபோல ஒன்று வந்திருக்கிறது, அவர்கள் போனுக்கு அது வராது. மணல் கொள்ளைச் செய்திக்கு அவர்களைத்தானே அனுப்புகிறோம், இந்தப் பாதுகாப்பு உள்ள போனை நிர்வாகம்தான் அவர்களுக்கு வாங்கித் தர வேண்டும்.