கிரானி, ஐஸ் ஸ்க்ரீம், ஃப்ரெடி: பசங்க கைல முதல்ல எதைக் குடுக்கலாம்?

அஞ்சாவது ஆறாவது படிக்கிற பசங்க போன்ல ஹாரர் கேம்னு தேடினா சுத்திச் சுத்தி கண்ணுல படுறது இந்த மூணுதான். எல்லாத்தையும் மொத்தமா "பேய் கேம்"னு சொல்லிடறோம், ஆனா மூணும் பயமுறுத்துற விதமே வேற. எதுல உருவம் கொடூரமா இருக்குனு பாக்கறத விட, மாட்டிக்கிட்டா என்ன ஆகுது, பயம் தாங்கலனா குறைச்சுக்க வழி இருக்கானு பாத்துதான் குடுக்கணும், நான் அப்படித்தான் பிரிப்பேன்.

கேமா பாத்தா கிரானிதான் பெஸ்ட், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. 2017ல டிவிலோப்பர் (DVloper)னு பேர் வெச்சுக்கிட்ட ஒருத்தர் விட்டது, ஒரு பூட்டின வீடு, ஒரு பாட்டி, தப்பிக்க அஞ்சு நாள், அவ்ளோதான் கதை. ஆனா அந்தப் பாட்டிக்கு காது இருக்கே! கைல ஒரு பொருள்தான் வெச்சுக்க முடியும், சுத்தியல் வேணும்னா கையில இருக்கிற கட்டிங் ப்ளையர கீழ போடணும், போட்டா டொக்குனு சத்தம் கேக்கும், உடனே எங்க இருந்தாலும் அந்த இடத்துக்கு வந்துடுவா, நீங்க கட்டிலுக்கு அடியில பூந்து மூச்சு விடாம கிடக்கணும். கொஞ்சம் ஆடினவுடனே பசங்களே இதைத் திருப்பிப் போட்டுடுவாங்க பாருங்க, வேணும்னே மாடில ஒரு பூ ஜாடிய உடைச்சிட்டு அவ மேல ஏறி வர்றதுக்குள்ள இன்னொரு பக்கமா கீழ இறங்கி வாசக்கதவு பூட்டுல கை வைப்பாங்க. பயந்து ஓடிட்டிருந்த புள்ள திட்டம் போட ஆரம்பிக்குது, அதான் இந்த கேமோட அழகு. ப்ராக்டிஸ் மோட்ல பாட்டியே வரமாட்டா, வீட்டை நிதானமா சுத்திப் பாக்கலாம். குறைனா ரத்தக்கறை, அப்புறம் அஞ்சாவது நாளும் மாட்டினா வர்ற முடிவுக் காட்சி, அதுல கில்லட்டின்னு தலை வெட்டுற மெஷின் கூட இருக்கு, சின்னப் பசங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஐஸ் ஸ்க்ரீம் 2019ல கெப்லேரியன்ஸ்ங்கிற கம்பெனி விட்டது. ராட்னு ஒரு ஐஸ்க்ரீம்காரன் நம்ம ஃப்ரெண்ட் சார்லிய உறைய வெச்சு வேன்ல தூக்கிட்டுப் போயிடுவான், நாம பின்னாடியே போய்க் காப்பாத்தணும். தனியா தப்பிச்சு ஓடுறது இல்ல, ஒருத்தன மீட்கிறது, அதுவே பயத்தை பாதியா குறைச்சிடுது. ரத்தம் கித்தம் பெருசா கிடையாது, பொம்மைப் படம் மாதிரி கலர். கோஸ்ட் மோட் போட்டா ராட் ஒண்ணும் பண்ண மாட்டான், புதிர் மட்டும் போட்டுட்டு இருக்கலாம். கதை எட்டு பாகம் போகுது, அஞ்சாவதுல ரெண்டு பசங்கள மாத்தி மாத்தி ஆடறது நல்லா இருக்கும். ஆனா கிரானில இருக்கிற அந்த சுதந்திரம் இங்க இல்ல, சொன்ன வழியிலதான் போகணும், நடுநடுவுல ஆட் வேற வந்து மூடைக் கெடுக்கும்.

ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ் பத்தி சுருக்கமா சொல்றேன். 2014ல ஸ்காட் காத்தன் பண்ணது, காசு குடுத்து வாங்குற கேம், அதனால ஆட் தொல்லை இல்ல. ஒரு பீட்சா கடைக்கு வாட்ச்மேனா ராத்திரி 12லேர்ந்து காலைல 6 வரைக்கும் ஒரே ரூம்ல உக்காந்து கேமராவும் ரெண்டு கதவும் பாத்துக்கணும், கரண்ட் தீர்ந்தா முடிஞ்சுது. ஓடவும் முடியாது ஒளியவும் முடியாது, அசந்தா கடைல தானா நடமாடற மெஷின் பொம்மை ஒண்ணு மூஞ்சிக்கு நேரா வந்து கத்தும். முதல் பாகத்துல முதல் ராத்திரியே கஷ்டமா இருந்தா குறைச்சுக்க ஈசி மோட்னு எதுவும் கிடையாது. கதைலயும் குழந்தைங்க காணாமப் போன விஷயம் வருது. பத்து வயசு புள்ளைக்கு நான் இதைத் தரமாட்டேன், ஹைஸ்கூல் பசங்க தாராளமா ஆடட்டும்.

அதனால முதல்ல ஐஸ் ஸ்க்ரீம் கோஸ்ட் மோட்ல, அது போரடிக்குதுனு புள்ளையே சொன்னப்புறம் கிரானி ப்ராக்டிஸ், அப்புறம் ஈசி, அதுவும் பெரியவங்க யாராவது பக்கத்துல உக்காந்து, இயர்போன் இல்லாம ஸ்பீக்கர்ல. டவுன்லோட் பண்றப்ப டெவலப்பர் பேரை ஒருதடவ பாத்துக்கோங்க, கிரானி படத்தை ஒட்டி வெச்ச டூப்ளிகேட் நிறைய சுத்துது.